தெய்வானை திருப்பி வைத்த குழல்

செய்தி வந்தபோது நான் மைக்ராஸ்கோப்பில் மூன்றாவது கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அட்டெண்டர் வர்கீஸ் கதவைத் திறந்து, "சேச்சி, பாலக்காட்டுலேர்ந்து ஒரு போன்" என்றான். இடது கையைத் தூக்கி அவனை நிறுத்தினேன். எண்ணுகிற ஆளிடம் பேசக்கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம். அதைப் போட்டவளே தெய்வானைதான். நாலாவது கட்டத்தையும் முடித்து, தாளில் எழுதிவிட்டு, "என்ன?" என்று கேட்டேன். "தெய்வானை சேச்சி போயாச்சு. காலையிலே நெஞ்சு வலியாம்" என்றான். அவளுடைய சாவுச் செய்தி அவள் போட்ட சட்டத்துக்கே கட்டுப்பட்டு இரண்டு நிமிடம் வாசலில் நின்றிருக்கிறது. அவள் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

நம் சங்கத்து மலருக்கு அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். மட்டாஞ்சேரித் தமிழர்களில் இரத்தம் எடுக்க அவளிடம் விரலை நீட்டாதவர்கள் குறைவு. "அந்தப் பக்கம் பாரு, உன்னை யாரோ கூப்பிடறா" என்பாள். திரும்பிப் பார்ப்பதற்குள் குத்தி முடித்திருப்பாள். அதே ஏமாற்றை மூன்றாவது தடவை செய்தாலும் நாம் திரும்பிப் பார்த்தோம். அவளைப் பற்றி உங்களுக்கு இன்னொன்றும் தெரியும். செல்லம்மாவின் மகள் ராணியின் இரத்தத்தைத் தப்பாகப் பார்த்து, குழந்தையைச் சாவு வரைக்கும் கொண்டுபோய்விட்டவள் என்று. தெருவில் அதைச் சொல்லாதவர்கள் இல்லை. அந்தத் தப்பை அவள் செய்யவில்லை. நான் செய்தேன். விசாலாட்சியாகிய நான். இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

எங்கள் ஆஸ்பத்திரிப் பரிசோதனை அறையை நீங்கள் வாசலில் நின்றுதான் பார்த்திருப்பீர்கள். உள்ளே வந்தால் இரண்டு பேர் முழங்கை இடிக்காமல் உட்கார முடியாது. முன்பு அது ஒரு சரக்குக் கிடங்கு. கம்பி போட்ட ஒரே ஜன்னல், அதற்கு நேர் எதிரே சுக்குக் கிடங்கு. ஜன்னலைத் திறந்தால் சுக்குத் தூசியும் மிளகாய் நெடியும் வந்து ஈரமான ஸ்லைடுகளில் உட்காரும். அதனால் வருஷம் முழுக்க அடைத்தே இருக்கும். மின்விசிறி போட்டால் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் பறக்கும், குழலில் எடுத்த இரத்தம் உறையும். அதனால் விசிறியும் கிடையாது. பத்து மணிக்கே ரவிக்கை முதுகில் ஒட்டிவிடும். தெய்வானை முதல் நாள் என்னைப் பார்த்து, "உள்ளே வந்தாச்சு இல்லையா, இனி மூச்சு விடறதை மறந்துடு" என்றாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

வயதில் அவள் எனக்கு ஒன்றரை வருஷம் மூத்தவள், வேலையில் நாலு வருஷம். எங்கள் வேலை இப்படி நடக்கும். வெள்ளணுவை எண்ண வேண்டுமானால், நடுவில் மணி போட்ட கண்ணாடிக் குழலில் வாயால் இரத்தத்தை ஒரு கோடு வரை உறிஞ்ச வேண்டும். பிறகு கரைசலை உறிஞ்சிக் குலுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய்க்குள் வந்துவிடும். தெய்வானைக்கு வந்தால் தொட்டியில் துப்பி, வாயைக் கொப்பளித்து, "ஒரு சாயா குடிச்சா மதி, சரியாயிடும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். குழலை அவள் நிரப்புவாள், நான் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு எண்ணுவேன். நாலு கட்டத்தில் வந்த எண்ணை ஐம்பதால் பெருக்கினால் கணக்கு. அவள் எண்ணினால் அசாத்திய வேகம், ஆனாலும் இரண்டு தடவை எண்ணுவாள். "சந்தேகம் வந்தா திரும்ப எண்ணு. வெட்கமா இருந்தா வேற வேலைக்குப் போ" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும்.

சின்னக் குழந்தைகள் அலறித் துடித்தால் கோடு வரை இரத்தம் கிடைக்காது. இன்னொரு தடவை குத்த அவளுக்கு மனசு வராது. பாதி அளவே எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வாள். அப்போது ஐம்பதுக்குப் பதில் நூறால் பெருக்க வேண்டும். அதை என்னிடம் சொல்ல முடியாது; குழலில் மாட்டிய ரப்பர் குழாய் அவள் வாயில் இருக்கும், நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அதனால் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முழு அளவு என்றால் தட்டில் குழலின் முனை ஜன்னலைப் பார்த்து இருக்கும். பாதி என்றால் கதவைப் பார்த்து இருக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். டாக்டருக்கும் தெரியாது. மூன்று வருஷம் ஒரு பிசகும் வரவில்லை, அதனால் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ராணிக்கு அப்போது ஏழு வயது. வயிற்று வலி என்று செல்லம்மா தூக்கி வந்தாள். குடல்வாலாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். வெள்ளணு ஏறியிருந்தால் உடனே அறுவை, இல்லாவிட்டால் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவசரச் சீட்டு எழுதி அனுப்பினார். குழந்தை தெய்வானையின் கையைக் கடித்துவிட்டது. பாதி அளவுதான் எடுக்க முடிந்தது. முனையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வார்டில் வேறொரு இரத்தம் எடுக்கப் போனாள். அவள் போன பின்னாலேயே கரெண்டும் போனது. மழை இருட்டில் ஜன்னலோரம் ஒன்றும் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பைக் கதவோர மேசைக்கு நகர்த்தினேன். பிறகு குழல் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய் உட்கார்ந்து, என் பக்கமாகத் தட்டை வைத்தேன். அதில் தட்டு திரும்பிவிட்டதை நான் கவனிக்கவில்லை. இப்போது முனை ஜன்னலைப் பார்த்தது.

நாலு கட்டத்தில் நூற்று அறுபத்து நாலு. ஐம்பதால் பெருக்கி எட்டாயிரத்து இருநூறு என்று எழுதினேன். யார் பார்த்தாலும் நல்ல ஆரோக்கியமான எண். உண்மையான எண் பதினாறாயிரத்து நானூறு. குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழோடு திரும்ப வந்தாள். ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்து, எலும்பும் தோலுமாக, எப்படியோ பிழைத்தாள்.

அவள் திரும்ப வந்த அன்று சீட்டைத் தேடி எடுத்தோம். எண்ணைப் பார்த்ததும் தெய்வானை என்னைப் பார்த்தாள். பிறகு கதவோர மேசையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது. என் வேலை அப்போது தற்காலிகம், அடுத்த மாதம் உறுதியாக வேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். டாக்டர் கூப்பிட்டபோது அவள் எழுந்து முதலில் போனாள். திரும்பி வந்து என் காதோரம், "திருப்பி வெக்க மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். எனக்குப் பெர்மனெண்ட் வேலை, ஒரு திட்டோட போகும். நீ ஒண்ணும் பறையண்டா, வாயைத் திறக்காதே" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "குழலை அவ திருப்பி வெக்கலே, அப்படித்தானே?" என்று டாக்டர் கேட்டார். நான் தலையாட்டினேன்.

திட்டோடு போகவில்லை. அவள் கணவர் பாலக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் இருந்தார், மகனும் அங்கேதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் இடமாற்றம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதம் ஆணை வந்துவிடும் என்று பெட்டி கட்டி வைத்திருந்தாள். விசாரணை என்று அந்த இடமாற்றக் கோப்பை ஓரம் கட்டினார்கள். பிறகு பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஏறிவிட்டது. பதினோரு வருஷம் அந்த ஓரத்திலேயே கிடந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி, ஞாயிறு திரும்பி வருவாள். ஒவ்வொரு தடவையும் மகன் ஒரு விரல்கடை வளர்ந்திருப்பான். "என்னைப் பாத்து, அம்மா எப்ப வந்தீங்கன்னு விருந்தாளியைக் கேக்கற மாதிரி கேக்கறான்டி" என்று ஒருநாள் சொன்னாள்.

செல்லம்மா எதிர்க் கிடங்கில்தான் சுக்கு பொறுக்குகிறவள். சோற்று நேரத்தில் எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்பாள். "உன் குழந்தைக்கு இது வந்தா தெரியும்டி உனக்கு. நீ உருப்பட மாட்டே" என்று ஏசுவாள். ஜன்னலை அடைத்திருந்தும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். தெய்வானை வாயில் குழாயோடு, கோட்டைப் பார்த்து, கை ஆடாமல் உறிஞ்சுவாள். நான் பக்கத்தில் எண்ணுவேன். எழுந்து வெளியே போகவும் இடமில்லை. அவள் ஸ்டூலை நகர்த்தினால்தான் என்னால் எழ முடியும். அவளிடம் நகரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வேலை உறுதியானது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பயந்து தலையாட்டினேன் என்று இனி சொல்லிக்கொள்ள வழியில்லை. அப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன பெயர் வைப்பது? நாலைந்து வருஷம் கழித்து, தைரியம் வந்தவள் போல, "நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். அவள் ஸ்லைடைக் கழுவிக்கொண்டே, "இப்ப சொன்னா நான் பொய் சொன்னவளும் ஆவேன். ரெண்டு பேரையும் வெளியே தள்ளுவாங்க. சும்மா எண்ணுடி" என்றாள். நான் எண்ணினேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரங்கல் எழுதுகிறவர்கள் இறந்தவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள். அவள் தெய்வமில்லை. என் சோற்றுப் பாத்திரம் அவள் பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தால் தள்ளிவிடுவாள். வாரக்கணக்கில் பேசாமல் இருப்பாள். ஹீமோகுளோபின் நிறத்தை ஒப்பிடும்போது நான் பத்து என்றால் வேண்டுமென்றே ஒன்பதரை என்பாள். ஒருநாள் உஷ்ணம் தாங்காமல் நான் அழுதுவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நான் அன்னிக்கு ஒரு நாள்தான்டி நல்லவளா இருந்தேன். மத்த நாளெல்லாம் உன்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. நீ அழுதா எனக்கு என்ன மிச்சம்?" அதைவிட நேர்மையான பேச்சை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு வழியாக இடமாற்றம் வந்தது. கடைசி நாள் வெள்ளைக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய், சந்தில் நின்று முகத்தைத் தூக்கி நன்றாக மூச்சு விட்டாள். தூசியில் உடனே தும்மல் வந்தது. "எழுதறதா இருந்தா, நான் செத்த பிறகு எழுது. இருக்கற வரைக்கும் எனக்கு இதைப் பத்தி ஒருத்தர்கிட்டேயும் பேச வேண்டாம்" என்று சொல்லி ரிக்‌ஷாவில் ஏறினாள். பாலக்காட்டில் இரண்டே வருஷம் இருந்தாள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் சுள்ளிக்கல்லில் செல்லம்மா வீட்டைத் தேடிப் போனேன். ராணி கல்யாணமாகி ஏலூர்ப் பக்கம் இருக்கிறாளாம். செல்லம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். குழல், தட்டு, கதவோர மேசை, எல்லாம். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அந்தப் பொம்பளை உருப்படாதுன்னு வருஷக்கணக்கா சாபம் விட்டிருக்கேன். இனி நான் யாருகிட்ட போய் திரும்ப வாங்குவேன்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் ஜன்னல்லே நின்னு ஏசும்போது நீ எங்கே இருந்தே?" என்று கேட்டாள்.

"பக்கத்து ஸ்டூல்லே" என்றேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளை அறிந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தெய்வானையைப் பற்றிப் பேசும்போது அந்தத் தப்பைச் சொல்லாதீர்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் என் பெயரில் சொல்லுங்கள். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். என்னுடைய தப்பை இத்தனை வருஷம் அவள் சுமந்தாள். அவள் இறக்கி வைக்கக் காத்திருந்து, இப்போதுதான் வாங்கிக்கொள்கிறேன்.