மருமகளுக்கு மறுத்த பால்

என் தங்கை பிறந்த அன்றே அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஏழு வயது. மாப்பிள்ளை வாப்பாவின் தங்கை மகன். அவனுக்கு அப்போதுதான் இரண்டு பல் முளைத்திருந்தது. அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் மாவடிப்பள்ளி வயல் குடும்பத்தை விட்டுப் போகாது என்று வாப்பாவுக்குச் சந்தோஷம். கல்முனைக்குப் போய்த் தொதல் இனிப்பு வாங்கிவந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்.

உம்மாவுக்கோ பேறு முடிந்ததுமே காய்ச்சல். முதல் பால் மஞ்சளாக இருக்கிறது, பிள்ளைக்கு ஆகாது என்று பார்க்க வந்த பெண்கள் பீய்ச்சி ஊற்றச் சொன்னார்கள். காய்ச்சல்காரியின் பால் அதைவிட ஆகாது என்று பிறகு சொன்னார்கள். சொல்வதற்கு ஆள் நிறைய இருந்தது. பிள்ளையை எடுத்து உம்மாவின் மார்பில் பிடித்துவிட வாப்பாவின் தங்கையான மாமியைத் தவிர ஒருவருமில்லை. சூப்பச் சூப்பத்தான் பால் ஊறும் என்று அவர் எல்லோருடனும் சண்டை பிடித்தார். அவர் வீட்டுக்குப் போனதும் மற்றவர்கள் பிள்ளையை எடுத்துவிடுவார்கள்.

உம்மாவின் பால் வற்றியது. பால்மா டின் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் கரைத்த அந்தப் பால் தங்கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றோட்டத்தில் அவள் நாளுக்கு நாள் வாடினாள்.

ஒருநாள் மாமி வாப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

“புள்ளய என்னட்டத் தாங்க காக்கா. என்ட மகன் குடிச்சும் மிச்சம் கிடக்கு.”

“நீ குடுத்தா ரெண்டும் காக்கா தங்கச்சி ஆகிடும். புறகு எப்பிடி நிக்காஹ் முடிக்கிற?”

“நிக்காஹ் முடிக்க முதல்ல புள்ள இருக்கணுமே காக்கா.”

வாப்பா வெளியே போய்விட்டார். ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்களாகிவிடுவார்கள், அவர்களுக்குள் கலியாணம் கூடாது என்பது மார்க்கம். அதில் பிழையில்லை. அந்தக் கலியாணத்தை அவர் விட்டுக்கொடுத்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வருமுன்பே தங்கை மௌத்தாகிவிட்டாள்.

ஜனாஸாவைக் கொண்டுபோன பிறகு மாமி உம்மாவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் தன் மகனைத் தூக்கவேயில்லை. அடுத்த வீட்டில் அவன் அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமியின் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கண்ணீராக்கும் என்று நினைத்து, துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அவர் கண்கள் காய்ந்திருந்தன. அழாத ஒருவரின் சட்டை எப்படி இவ்வளவு நனைந்தது என்று எனக்கு விளங்கவில்லை.