சிவப்புப் பொத்தான்

திருச்சானூரில், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு நாலு அரபு வார்த்தையும் ஸ்மார்ட்போனும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக இருந்தேன். எனக்கே அந்த நாலு வார்த்தைதான் தெரியும்.

சாந்திபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அகலமான குங்குமப் பொட்டு. விரலை முந்தானையில் துடைத்த பிறகுதான் திரையைத் தொடுவார். எல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. ஊரிலிருக்கும் மகளோடு பேசிப் பழகும் வீடியோ காலை முடிக்க மட்டும் கை வரவில்லை.

"அந்தச் செவப்ப அமுக்குங்கம்மா."

"பேசிக்கினு கீற பொண்ணு மூஞ்சி மேலயா? இன்னா சார் நீ!"

"வேல நேரத்துல போன் ஓடிக்கினு இருந்தா, அங்க வீட்டுக்காரம்மா புடுங்கி வெச்சுக்குவாங்க. அப்பறம் பொண்ணு மூஞ்சிய எங்க பாப்பீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. தைரியம் வரட்டுமென்று என் மனைவியை வீடியோ காலில் அழைத்துக் காட்டினேன். "அடுப்புல பால்" என்றாள். திரை இருண்டது.

"உங்க வூட்டம்மா நல்லாக் கத்துக்கினு கீறாங்க சார்."

வகுப்பே சிரித்தது.

கடைசி நாளில் அவரே வழி கண்டுபிடித்தார். "போய்ட்டு வரேன்" என்று சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார்.

சில மாதம் கழித்துக் குவைத்திலிருந்து அழைத்தார். மகளோடு தினமும் பேசுகிறாராம். "போய்ட்டு வரேன் சார்" என்று கண்ணை மூடி அமுக்கினார். விரல் தவறியது தெரியாமல் போனை அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். என் திரையில் சமையலறைக் கூரை மட்டும்.

வீட்டுக்காரம்மா பார்ப்பதற்குள் நான்தான் முடிக்க வேண்டும். "போய்ட்டு வாங்கம்மா" என்று கூரையிடம் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

முதல் தடவை என் விரலும் தவறியது.