வாத்துக்குத் தெரியாமல் ஒரு படகு

“துப்பாக்கிய எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. இடம் – வாடிப்பட்டி பக்கம் ஒரு கண்மாய். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்!

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சேற்று நிறத்தில் பெயின்ட் அடித்த ஒரு தட்டைப் படகு. விளிம்பெல்லாம் கோரைப்புல் செருகியிருக்கிறது. பக்கத்தில் பச்சைச் சட்டை போட்ட இரண்டு ஆண்கள். ஒருவன் கையில் உறை போட்ட நீளமான சாமான்... நானாக இருந்தால் கேள்வியே கேட்காமல் போலீஸுக்குப் போன் போட்டிருப்பேன்.

எப்படி வந்து மாட்டினேன்? சொல்கிறேன்.

எனக்குப் பறவைகளைப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. கொக்கு நிற்கும், நாரை நிற்கும். புள்ளிமூக்கு வாத்து மட்டும் நிற்காது. கரையில் என் தலை தெரிந்ததும் பறந்துவிடும். பத்து வருடமாக நான் எடுத்த வாத்துப் படங்கள் அத்தனையிலும் இருப்பது... பின்பக்கம் மட்டும்தான்.

அப்போதுதான் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டு வாத்து வேட்டைக்காரர் ஒருவர் வீட்டிலேயே படகு செய்கிறார். உயரமே இல்லாத படகு. அதில் மல்லாக்கப் படுத்துக்கொள்கிறார். பின்பலகையில் ஓர் ஓட்டை; அது வழியாக ஒற்றைத் துடுப்பு தண்ணீருக்குள் போகிறது. அதை இடமும் வலமும் மெல்ல அசைத்தே முன்னேறுகிறார். கை வெளியே தெரிவதில்லை. வாத்துகளுக்கு ஏதோ மரக்கட்டை மிதந்து வருகிற மாதிரிதான் இருக்கும்.

நம் ஊரில் வாத்தைச் சுட்டால் ஜெயில். சுட எனக்கு மனசும் வராது. ஆனால் துப்பாக்கி இருக்கும் இடத்தில் கேமராவை வைத்தால்?

கபீர் பாயிடம் சொன்னேன். வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் மாஸ்டர். “செஞ்சிருவோம்ணே” என்றார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. நண்பர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்?

கார் ஷெட்டில் படகு, கார் தெருவில். ப்ளைவுட்டை நான் அளந்தேன், பாய் அறுத்தார். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் குறைந்தது. பிறகு பாய் அளந்தார், நான் அறுத்தேன். மூட்டுகளில் ஃபைபர் துணி ஒட்டி ரெசின் பசை பூசினோம். பின்பலகை ஓட்டையில் தண்ணீர் ஏறாமல் இருக்கச் சைக்கிள் டியூப். துடுப்புக்குச் சவுக்குக் கம்பு.

என் மனைவி சாந்தி காபியோடு வந்து பார்த்தாள். பத்தடி நீளம். மூடி இல்லாத பெட்டி. உள்ளே படுத்துக்கொள்ள இடம். “ஏங்க... இது படகுதானே?” என்றாள்.

முதல் ஓட்டம் நண்பர் ஒருவரின் பண்ணைக்குட்டையில். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் மாட்டி, படகில் கயிறு கட்டி, நுனியைச் சாந்தி பிடித்துக்கொண்டாள். துடுப்பை அசைத்தேன். படகு சுற்றியது. வேகமாக அசைத்தேன். வேகமாகச் சுற்றியது. “எனக்குத் தல சுத்துது, எறங்குங்க!” – இது கரையில் நின்ற சாந்தி.

அடுத்து பாய் ஏறினார். இரண்டே நிமிடம். படகு சத்தமில்லாமல் நேராகப் போனது!

“எப்படி பாய்?”

“நீங்க தண்ணிய அடிக்கிறீகண்ணே. நான் கிண்டுறேன். அண்டாவுல அரிசி ஒடையாம, அடியில கரண்டிய விட்டு மணிக்கட்டத் திருப்பித் திருப்பிக் கொண்டாரணும்ல? அதேதான்.”

முடிவாயிற்று. பாய் பின்னால் படுத்துத் துடுப்பு. நான் முன்னால் படுத்துக் கேமரா.

இப்போது கண்மாய்க் கரைக்கு வருவோம். துப்பாக்கியைக் கேட்ட அந்த அம்மா பெயர் பேச்சியம்மாள். கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் மகளிர் குழுவின் தலைவி. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் நான் போனில் அனுமதி கேட்டிருந்தேன். அது இவர் காதுக்கு வரவில்லை. பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வேறு.

“அம்மா, இது கேமரா. படம் எடுக்க வந்தோம்.”

“போன வருசம் வந்தவனும் இதத்தான் சொன்னான். போறப்ப ரெண்டு வாத்தக் காலக் கட்டித் தூக்கிட்டுப் போனான். இப்பக் குஞ்சு பொரிச்சிருக்கு. ஒரு ஆளு தண்ணியில எறங்கக் கூடாது.”

நிலைமையைச் சரிசெய்யப் பாய் வாயைத் திறந்தார். “அக்கா, நான் பிரியாணி மாஸ்டர்க்கா. இருவது வருசத்துல ஒரு வாத்தக்கூடத் தொட்டதில்ல...”

பிரியாணி என்றதுமே இரண்டு பெண்கள் படகைப் பிடித்துக்கொண்டார்கள். துடுப்பு பறிமுதல். நான் பாயின் காலை மிதித்தேன். ரொம்ப லேட்!

ஒன்றரை மாத உழைப்பு போச்சு என்று நினைத்தேன். ஆனால் கோபம் வரவில்லை. எந்த வாத்துக்காக நான் படகு கட்டினேனோ, அதே வாத்துக்காகத்தானே அந்த அம்மாவும் வந்து நிற்கிறார்?

“அதுக பயப்படுற மாதிரி எதுவும் செய்ய மாட்டோம்மா. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே ஏறிப் பாருங்க.”

சொன்ன பிறகுதான் உறைத்தது... படகில் இரண்டு பேருக்குத்தான் இடம்!

பேச்சியம்மாள் ஒரு கணம் யோசித்தார். சேலையை இழுத்துச் செருகினார். “நீந்தத் தெரிஞ்சவளுக்கு இது எதுக்கு?” என்றபடியே என் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினார். என் இடத்தில் படுத்தார். துடுப்பு பாய் கைக்குத் திரும்பியது.

நான் கரையில், ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால். வாத்துகளுக்கு அந்தப் பெண்கள் பழக்கம்; என் தலைதான் ஆகாது.

படகு நகர்ந்தது. வாத்துகள் தலையைத் தூக்கின. போச்சு, கிளம்பப் போகின்றன... இல்லை. மறுபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய ஆரம்பித்தன. தாய் வாத்து ஒன்று, ஒன்பது குஞ்சுகளோடு, படகைத் தாண்டி அவசரமே இல்லாமல் போனது. கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பி வந்த பேச்சியம்மாள் கரையில் கால் வைத்ததும் ஒரே கூச்சல்.

“ஏடி, அதுக்கு மூக்குக்கிட்ட செவப்புப் பொட்டு இருக்குடி! ரெண்டு பக்கமும்! மூக்கு நுனி மஞ்சத் தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்கு. இம்புட்டு வருசம் காவல் காத்தேன்... மொகத்த இன்னைக்குத்தான்டி பாத்தேன்!”

பிறகென்ன? நான் முந்தி, நீ முந்தி என்று வரிசை. வெயில் ஏறும்வரை பாய் கிண்டிக்கொண்டே இருந்தார். என் முறை வரவே இல்லை.

வருத்தமா? கேமரா என் கையில்தானே இருந்தது! படகிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படங்கள் அவைதான். நாம் ஆசையாகச் செய்த ஒன்றில் நமக்கே இடமில்லாமல் போவதும் ஒரு கொடுப்பினைதான் போலிருக்கிறது.

நேற்று பேச்சியம்மாள் போன் செய்தார். “தம்பி, ஞாயித்துக்கெழம படகக் கொண்டாங்க. பாயக் கட்டாயம் கூட்டியாங்க.”

“நான்?”

ஒரு நொடி யோசித்தார்.

“வந்தா வாங்க... கரையில நெழல் இருக்கு.”