தூண்காரியின் சத்தம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இப்போதும் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு முடித்த வருடம் அந்த நிமிர்வு கழுத்து வலிக்கும் அளவுக்கு இருந்தது. கேஸ் புத்தகம், கரண்ட் பில், கச்சிபௌலி கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டிய அப்பாவின் கைக்கு வரும் நோட்டீஸ், எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து இருபது வருடமாகியும் பெரியவர்கள் யாருக்கும் எந்த மொழியின் எழுத்தும் வசப்படவில்லை.

பெரியவர்கள் என்றால் அப்பா, அம்மா, மாமா. மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடே இருந்தார். தகரப் பட்டறையில் வருடக்கணக்கில் சுத்தியல் அடித்து, நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. தலைக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தாலும் திரும்ப மாட்டார். அம்மா சமையல் வேலை பார்த்த ஹப்சிகுடா வீட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கேட்கும் திறன் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் மிஷின் வைத்துப் பார்க்கலாம், இலவச முகாமுக்கு அழைத்து வா என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அசையவில்லை. மிச்சம் ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி.

அந்தக் கோடை விடுமுறையில் நானும் தம்பியும் அப்பாவின் பழைய போனில் ஓர் ஆட்டம் ஆடினோம். நான்கு பேர் ஓர் அணி, எதிரணியில் நான்கு பேர். அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்ளலாம். பக்கத்துச் சந்துப் பையன்கள் இரண்டு பேர் எங்கள் அணி. தலைவி நான். நானும் தம்பியும் ஆளுக்கொரு போன் வைத்துக்கொள்வதற்காக அம்மாவின் போனையும் பகலெல்லாம் பிடித்து வைத்திருந்தேன்.

அந்த ஆட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு புது ஆள் வருவான். புது ஆள் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அவனுடைய சத்தம் மட்டும் பழைய ஆட்களைவிட மூன்று மடங்கு இருக்கும். அந்த முறை வந்தவள் இரும்புத் தூணைத் தோளில் சுமந்த ஒரு பெண். அவளுக்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் இருந்தது. நாங்கள் தூண்காரி என்றே சொன்னோம். அவள் தூணைத் தரையில் ஊன்றினால், கடை ஷட்டரை யாரோ மேலேயிருந்து அப்படியே விட்டதுபோல் இருக்கும். எதிரிகளின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் அந்த ஆட்டத்தில் பிழைக்க முடியும். தூண்காரி பக்கத்தில் இருந்தால் காலடி, பேச்சு எதுவும் கேட்காது.

முதல் நாள் மதியம் தம்பி அவளை எடுத்து ஆடினான். சுவரோரம் சாய்ந்திருந்த மாமா தலையைத் திருப்பினார்.

"இன்னாடா அது?"

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமா எழுந்து வந்து போனைத் தொட்டார்.

"இன்னொரு வாட்டி உடு."

தம்பி தூணை ஊன்றினான். மாமா போனை வாங்கி, சத்தத்தை முழுக்க வைத்து, காதுக்குப் பின்னால் எலும்போடு அழுத்திக்கொண்டு கேட்டார். பிறகு அடுப்பங்கரை வாசலில் போய் நின்றார். "அக்கா, எனக்குக் கேக்குது." அம்மா கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது கேட்கிறதென்றால் மிஷின் வைத்தால் பேச்சும் கேட்கும் என்று மாமாவே சொன்னார். அடுத்த முகாம் ஜூன் மாதம், பள்ளி திறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை. போகலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அதுவரை தினமும் தூண்காரியோடுதான் அவர் பொழுது. தம்பி எப்படி ஆடுவது என்று காட்டிக் கொடுத்தான். சுத்தியல் பிடித்த கட்டைவிரல் திரையில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கும். எதிரி இருக்கிறானா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஊன்றுவார், சிரிப்பார், மறுபடி ஊன்றுவார். தம்பி என் அனுமதி கேட்காமல் தன் இடத்தை விட்டுக்கொடுத்து அவரை எங்கள் அணியிலேயே சேர்த்துவிட்டான். தொடர்ந்து தோற்றோம். சந்துப் பையன்கள் போனிலேயே கத்தினார்கள். "நக்கோ ரே, மாமு கா டப்பா பந்த் கர்." உங்கள் மாமாவின் தகர டப்பாவை மூடு என்று அர்த்தம். அதற்குமேல் ஒருவன், இங்கிலீஷ் மீடியத் தலைவி வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கிறாள் என்று சேர்த்துச் சொன்னான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மாமாவிடம் போனைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதத் தைரியம் இருந்தது. ஆட்டத்திலேயே குறை சொல்ல ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். பள்ளியில் எங்களுக்குத் தெரிந்த கடிதம் விடுப்புக் கடிதம் ஒன்றுதான். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி இல்லாவிட்டால் கடிதத்துக்குப் பலம் கிடையாது. நானும் அதை எழுதினேன். எங்கள் வீட்டில் காது நோயாளி ஒருவர் இருக்கிறார், புதிய பாத்திரத்தின் அதிகமான சத்தத்தால் அவர் மிகவும் அவதிப்படுகிறார், தயவுகூர்ந்து குறைக்கவும்.

மறுநாளே பதில் வந்தது. நன்றி, தங்கள் கருத்தை எங்கள் குழு பரிசீலிக்கும். யார் எழுதினாலும் இயந்திரம் அனுப்பும் பதில் அது என்று இன்று தெரியும். அன்று அதை நான் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வெளிநாட்டுக் கம்பெனி தன் மகளுக்குப் பதில் போட்டதை அப்பா வேனில் ஏறுபவர்களிடமெல்லாம் சொன்னார். மாமாவுக்குத் தம்பி சைகையில் விளக்கினான். என்ன எழுதினேன் என்று மாமா கேட்கவில்லை. என் தலையில் கை வைத்து, "கலெக்டரம்மா" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஆட்டம் புதுப்பிக்கப்பட்டது. மாற்றங்களின் பட்டியலில் தூண்காரியின் சத்தம் குறைக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. பையன்கள் என்னைப் பாராட்டினார்கள். என்னைப் போல எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். என் ஒரு கடிதத்துக்காக யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இருந்ததில்லை.

அன்று மாலை மாமா வழக்கம்போலப் போனை எடுத்து ஊன்றினார். காதோடு வைத்தார். சத்தம் முழுக்க இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மறுபடி ஊன்றினார். இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சத்தம் வருதாடா?"

தம்பி நல்ல பிள்ளை. பெரிதாகத் தலையாட்டி, "ஹவ் மாமா, வருது" என்றான்.

வரத்தான் செய்தது. மற்றவர்களுடைய சத்தம்போல அளவாக. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மாமா போனைத் தம்பி மடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் போனார். அட்டையின் மடிப்பை நகத்தால் மீண்டும் மீண்டும் நீவினேன்.

வியாழக்கிழமை காலை அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் புடவை மாற்றி நின்றாள். மாமா பாயைவிட்டு எழவில்லை. அம்மா அவர் காதருகே குனிந்து, தொண்டை கம்மும்வரை கத்தினாள். டாக்டரம்மா சீட்டு வாங்கி வைத்திருக்கிறார், ஆட்டோ சொல்லியாகிவிட்டது, வந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று.

மாமா அமைதியாகச் சொன்னார். "இருந்த கொஞ்சமும் பூடுச்சிக்கா. பையனுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. செத்த காதுக்கு மிஷின் இன்னாத்துக்கு?"

வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள் மாமா என்று சொன்னால் போதும். சொன்னால், ஏன் குறைத்தார்கள் என்று அம்மா கேட்பாள். கடிதத்தில் என்ன எழுதினாய் என்று அப்பா கேட்பார், கலெக்டரம்மா என்ன எழுதினாள் என்று. எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம், முகாம் மறுபடி வராமலா போகும் என்று கிளம்பிவிட்டேன்.

முகாம் எத்தனையோ முறை வந்தது. மாமா வரவில்லை. கல்லூரி இரண்டாம் வருடம் ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து, வாயசைத்து, கையசைத்து எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தபடி தலையாட்டினார். அதற்குள் எதைச் சொன்னாலும் அப்படித் தலையாட்டப் பழகியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை மாலை நான் வீட்டுக்குத் திரும்பியபோது, சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தது. அம்மா மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் வேண்டுமா என்று அவரைக் கேட்க வாயைத் திறக்கவில்லை. கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அவர் உள்ளங்கையை விரித்துப் போதும் என்றார். அவள் சரி என்று தலையசைத்துச் சட்டியை மூடினாள். கத்தல் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறு முடிந்ததை அன்றுதான் பார்த்தேன். இனிமேல் நிம்மதியாகப் படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.