பாய்க்கு நான் படித்த விமர்சனம்

ஜானி பாஷாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்த ஊரில் அவருக்கு நான் செய்த அளவு கெடுதல் வேறு யாரும் செய்ததில்லை, அதனால்தான்.

திருவண்ணாமலை தேரடி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டில் அவரும் மனைவி வஜீதாவும் மட்டும், பிள்ளை கிடையாது. நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் ஆபீஸ் விட்டால் என் கால் தானாக அந்தக் கடைக்குத்தான் போகும்.

ஊரில் எல்லோரும் நடிகருக்கு ரசிகர்களாக இருந்தபோது ஜானி பாஷா ஒரு கம்பெனிக்கு ரசிகராக இருந்தார். கலங்கரை பிக்சர்ஸ். படம் ஆரம்பிக்கும் முன் திரையில் ஒரு கலங்கரை விளக்கம் வரும், அதன் ஒளி ஒரு சுற்று சுற்றி நம் முகத்தில் விழும். அப்போது எழுந்து நின்று கை தட்டுவார். கடலையே பார்க்காத மனுஷன்.

"நடிகன் இன்னிக்கு இந்தக் கம்பெனியில நடிப்பான், நாளைக்கு ஜாஸ்தி குடுத்தா அந்தக் கம்பெனி. அவனை நம்பி இன்னா பண்றது? கம்பெனி எங்க போவும்?" என்பார்.

எதிர்க்கட்சித் தலைவர் எதிர்க்கடை சகாதேவன். பூ வியாபாரம். அவர் முத்துரதம் ஸ்டூடியோவின் ஆள். மாலை கட்டும் கை நிற்காமலேயே வாய்ச்சண்டை போடுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. மெட்ராசில் வெளியான படத்தின் பெட்டி இங்கே வந்து சேர ஒரு மாதமாகும். பத்திரிகையில் விமர்சனம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும். ஆக, நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம் யாருமே பார்க்காத படத்துக்காக. வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வரும். நான் வாங்கிக்கொண்டு போய் உரக்கப் படிப்பேன். பாய்க்கு உருது எழுத்துதான் தெரியும். தமிழ் படிக்க வராது. சகாதேவனுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க மனசு வராது. நான் படிக்க ஆரம்பித்தால் சந்தே அடங்கிவிடும். அந்த அடக்கம் எனக்குக் கள்ளைவிடப் போதையாக இருந்தது. ஆபீசில் என் பேச்சை பியூன்கூடக் கேட்க மாட்டான்.

விமர்சனம் கெட்டதாக இருந்தால் பாய்க்குக் கோபம் வரும். "ஓசி டிக்கெட்ல படம் பாக்கறவன் இன்னா விமர்சனம் எழுதுவான்?"

"ஓசியில பாத்தவனே நல்லா இல்லேன்றான். காசு குடுத்துப் பாக்கறவன் கதி இன்னா பாய்?" என்பார் சகாதேவன். சந்தே சிரிக்கும்.

1974ஆம் வருஷம். கலங்கரைக்கு வரிசையாக இரண்டு படம் ஊற்றிக்கொண்டது. பாய் இரண்டு மாதமாகத் தலை நிமிரவில்லை. மூன்றாவது படத்துக்கு விமர்சனம் வந்த வெள்ளிக்கிழமை, சந்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் பக்கத்தைத் திறந்தேன். நூற்றுக்கு முப்பத்திரண்டு மார்க் போட்டிருந்தான். கீழே, 'இடைவேளைக்குப் பிறகு வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம்' என்று ஒரு வரி.

நிமிர்ந்து பார்த்தேன். பாய் ஒரு சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கும் பையனைப் போல நின்றிருந்தார். சகாதேவன் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார். எனக்கு என்ன கேடு காலமோ, நாக்கு புரண்டது.

"அறுபத்திரண்டு மார்க்கு. இடைவேளைக்கு அப்புறம் யாருக்கும் எழுந்திருக்கவே மனசு வராதாம்."

பாய் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். சண்டைக் காட்சி பிரமாதம், காமெடி குலுங்க வைக்கிறது, எல்லாம் என் சொந்தச் சரக்கு. இரக்கத்தால் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பத்துப் பேர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்த ருசி.

சகாதேவன் நம்பவில்லை. "பத்திரிகைக்காரன் ஆயிரம் எழுதுவான். நம்ம ஊர்ல ஒரு வாரம் தாண்டாது பாய்."

"இருபத்தஞ்சு நாள் ஓடும்யா!"

"ஓடலேன்னா?"

"ஓடலேன்னா..." பாய் சக்கரத்தை விட்டார். நெஞ்சில் கையை வைத்தார். "ஓடலேன்னா இந்த ஜானி பாஷா இனிமே சாவுற வரைக்கும் சினிமா பாக்க மாட்டான். இது என் வாக்கு."

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'பாய், வேணாம், நான் மாத்திப் படிச்சுட்டேன்' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? பத்துப் பேர் முன்னால் பொய்யனாக நிற்க வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பெட்டி வந்தது. படம் ஒன்பது நாள் ஓடியது. அதிலும் கடைசி மூன்று நாள் டாக்கீசில் ஆள் இல்லாமல் மூட்டைப்பூச்சிதான் படம் பார்த்தது. பத்தாம் நாள் காலை போஸ்டரைக் கிழித்து வேறு படம் ஒட்டினார்கள்.

அன்று முதல் ஜானி பாஷா டாக்கீஸ் பக்கம் போகவில்லை. சகாதேவனே இரண்டாம் மாதம் வந்து, "விளையாட்டுக்குச் சொன்னது பாய், வுட்டுடுங்க, நாளைக்கு ரெண்டு பேரும் போலாம்" என்று கெஞ்சினார். பாய் சிரித்துவிட்டு பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. வெள்ளிக்கிழமைகளில் படிப்பதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகம் வரும் என்ற பயம். ஆனால் அதன் பிறகு ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்தேன். அது என் பிராயச்சித்தமாம்! வஜீதாக்கா கதவுக்குப் பின்னாலிருந்து டீ டம்ளரை நீட்டுவார். குடிப்பேன். பாய் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

1981இல் கலங்கரையின் ஒரு படம் எங்கள் ஊரில் எழுபது நாள் ஓடியது. தீபத்துக்கு வந்த கூட்டம் அண்ணாமலையாரைப் பார்த்த கையோடு டாக்கீசுக்கும் போனது. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பாய் கேட்பார்: "வெளக்கு சுத்துச்சா? இப்போ கலர்ல சுத்துதாமே?" நானும் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு கல்யாண வீடுகளில் வீடியோ டெக் வந்தது. படம் போட்டதும் பாய் எழுந்து வெளியே போய் நிற்பார். டாக்கீஸ்தானே வேண்டாம் என்றீர்கள் என்று யாராவது கேட்டால், "சினிமா பாக்க மாட்டேன்னு சொன்னேன். எங்கேன்னு சொல்லலியே" என்பார்.

1985 ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விமர்சனத்தின் கடைசியில் இரண்டு வரி இருந்தது. கலங்கரை பிக்சர்சை விற்றாகிவிட்டது, இதுதான் கடைசிப் படம். அதையும் மாற்றாமல் படித்தேன். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் படம் ஊருக்கு வந்தது. மறுநாள் மத்தியானம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். எதிர்க்கடையில் சகாதேவன் இல்லை. பாய் தனியாக இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். முப்பத்திரண்டை அறுபத்திரண்டாக்கியது, நானாகச் சேர்த்தது, பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியும்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கே புஸ்தகத்தை இங்கியே மறந்து வச்சுட்டுப் போயிட்டே. வஜீதா அஞ்சாவது வரைக்கும் தமிழ் படிச்சவ. எடுத்துப் படிச்சுட்டு, 'இன்னா, உங்க சிநேகிதரு தலைகீழா படிச்சிருக்காரு'ன்னா."

"அப்பவே ஏன் பாய் கேக்கலே? நான் பொய் சொன்னேன்னு சொல்லியிருந்தா வாக்கே செல்லாதே!"

"சொல்லியிருக்கலாம். அப்புறம் இந்தச் சந்துல நீ எப்படித் தலை நிமிந்து நடப்பே? சகாதேவன் சும்மா வுடுவானா உன்னை?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கே கிளம்புங்கள், கடைசிப் படம், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். "பொய்யைக் கேட்டு வாக்கு குடுத்தேன், சரி. ஆனா குடுத்தது என் வாய்தானேப்பா. வேணாம். நீ பாத்துட்டு வந்து சொல்லு."

இவ்வளவு பெரிய மனுஷனா என்று நான் விம்மிக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து டீ வந்தது. கூடவே வஜீதாக்காவும் வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் கடைக்குள் வந்து நின்று என்னோடு பேசியது அன்றுதான்.

"தம்பி, அவரு வாக்கை அவரு காப்பாத்திட்டாரு. உங்க மானத்தையும் காப்பாத்திட்டாரு. ரொம்ப நல்லது" என்றார். குரலில் கோபமே இல்லை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து மாசம் ஒரு படம் கூட்டிட்டுப் போவாரு. நான் பொம்பளைங்க பக்கம் உக்காருவேன், வெளக்கு சுத்தும்போது அவரு எழுந்து கை தட்டறது அங்கேர்ந்து தெரியும். நான் யாருக்கும் வாக்கு குடுக்கலியே தம்பி. பதினோரு வருசமா என்னை யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

டம்ளரை சைக்கிள் சீட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மாவுக்கும் சினிமா பார்க்க ஆசை இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பாயைப் பார்த்தேன். அவருக்கும் தோன்றியதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மூடிய கதவைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றிருந்தோம். வஜீதாக்காவைக் கூப்பிட எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.