ஒன்றாம் நம்பர் ஓட்டை

ஆயுதபூஜையன்று என் ரெக்கார்டிங் அறையில் பொட்டு வைக்காத சாமான் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், ஹெட்போன், மைக் ஸ்டாண்டு, ஸ்குரூ டிரைவர், ஆணியில் தொங்கும் வயர்ச் சுருள் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். வாத்தியத்தின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு, இன்டர்ஃபேஸ் என்பார்கள். எனக்குச் சோறு போடுவதே அதுதான் என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளம். அந்த வருஷம் பன்னீர் கூடிப்போய்ச் சந்தனம் மோர் மாதிரி ஓடியது. அதற்காக நான் கையைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

அறை திண்டுக்கல்லில், நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. கீழே தோல் மண்டி. அந்த வாடை எனக்குப் பழகிவிட்டது. வருகிறவர்கள்தான் மூக்கைச் சுளிப்பார்கள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் நத்தம் பஸ்ஸில் ஒரு வீணை டீச்சர் வந்து இறங்கினார். வீணையைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு படியேறினார். வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாக இசை ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்து அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். செல்போனில் எடுத்தது வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"கடைசி நாள்லயா வருவீங்க?" என்றேன்.

"நேத்து வீணை பூஜையில இருந்துச்சுண்ணே. எடுக்கக் கூடாதுல்ல. இன்னைக்கு நாளும் நல்லாருக்கு" என்றார். வீணைக் குடத்தின் மேல் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

தெருமுனைக் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலறவிட்டிருந்தார்கள். மைக்கை முன்னால் வைத்து எடுத்தால் வீணையோடு தெருவே சேர்ந்து பதிவாகும். நல்லவேளையாக டீச்சரிடம் காண்டாக்ட் மைக் இருந்தது. வீணையின் உடம்பிலேயே பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்வது. மரத்தின் அதிர்வை மட்டும் எடுக்கும், தெருச் சத்தம் அதற்குக் கேட்காது. அதன் வயரைப் பெட்டியின் ஒன்றாம் நம்பர் ஓட்டையில் செருகினேன். என் அறையில் வாத்தியம் என்றால் ஒன்றாம் நம்பர், பாட்டுக்காரர் மைக் என்றால் இரண்டாம் நம்பர். பெட்டி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். மைக் வயரை இரண்டாம் நம்பரிலிருந்து நான் கழற்றுவதே கிடையாது, பூஜைக்குக்கூட.

டீச்சர் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, கல்யாணி வாசித்தார். கண்ணை மூடியவர் ஐந்து நிமிடம் திறக்கவில்லை. எனக்கு ராக ஞானமெல்லாம் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் நன்றாக வாசிக்கிறார் என்று தெரிந்தது. முடித்ததும் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தால், கிணற்றுக்குள் யாரோ முணுமுணுக்கிற மாதிரி ஒரு சத்தம். நடுநடுவே கரகரப்பு வேறு.

"இது ஆகாது. இன்னொருக்கா வாசிங்க" என்றேன்.

ஒலியைக் கூட்டும் குமிழ்கள் இரண்டையும் கடைசி வரை திருகினேன். இரைச்சல்தான் கூடியது. வயரை மாற்றினேன். பெட்டியில் வாத்தியத்துக்கென்று இருக்கிற பொத்தானை அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன். ரெக்கார்டிங் மென்பொருளில் சரியான இன்புட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேனா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பெட்டியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அது ஏறி முடிக்கிற வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் டீச்சர் வாசித்தார். ஒவ்வொரு தடவையும் அதே முணுமுணுப்பு. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோளாறு பிடிபடவில்லை என்றால் அது எதிராளியுடையது என்று முடிவு கட்டிவிடுவேன்.

"இந்த மைக்கை எங்க வாங்குனீங்க?"

"செகண்ட் ஹேண்டுண்ணே. ஒரு அக்கா குடுத்தாங்க. போன வாரம் கச்சேரிக்கு நல்லாத்தான் பேசுச்சு."

"அதான பாத்தேன். செத்துப்போச்சு அது. உங்க மைக்குலதான் கோளாறு. என் பெட்டி நேத்து வரைக்கும் ராசா மாதிரி ஓடுச்சு."

டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று. மைக்கைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டினேன். கொஞ்சம் பரவாயில்லை போலத் தோன்றியது. உண்மையில் ஒன்றும் மாறவில்லை.

"ஓங்கி மீட்டுங்க. இம்புட்டு மெதுவா வாசிச்சா எப்படி ஏறும்?"

"ஓங்கித்தாண்ணே மீட்டுறேன்."

"இன்னும் ஓங்கி."

ஓங்கி மீட்டினார். சட்டென்று நிறுத்திவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் நகம் சதை வரைக்கும் உடைந்திருந்தது. வீணைக்காரர்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நகத்தையும் வளர்த்துத்தான் வைத்திருப்பார்கள். தந்தியை மீட்டுவது அதுதான். ஒடிந்தால் வளர வாரக்கணக்கில் ஆகும். இது எனக்கும் தெரியும்.

"ஐயய்யோ" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது. தெரிந்தும், தெரியாத மாதிரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீழே மண்டியில் வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு டீச்சர்தான் மெல்லக் கேட்டார்.

"அண்ணே, அந்த ரெண்டாம் நம்பர் ஓட்டையில குத்திப் பாத்தா என்ன?"

"அது பாட்டு மைக்குக்கு உள்ளது டீச்சர். அதுல வாத்தியம் போடுறதில்ல."

"போட்டா என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒரே மாதிரி ஓட்டைதான். இவர் வாயை அடைக்கவாவது செய்து காட்டுவோம் என்று மைக் வயரைப் பிடுங்கிவிட்டு வீணை வயரை இரண்டாம் நம்பரில் செருகினேன். டீச்சர் ஒரு தந்தியைச் சும்மா தொட்டார். இரண்டு குமிழையும் கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தேனே, ஸ்பீக்கர் இடி மாதிரி அதிர்ந்தது. இரண்டு பேருமே துள்ளிவிட்டோம்.

செல்போன் டார்ச்சை ஒன்றாம் நம்பர் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக, காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து நின்றது சந்தனம். முதல் நாள் நான் தாராளமாக வைத்தது வழிந்து உள்ளே போயிருக்கிறது. இரண்டாம் நம்பரில் வயர் அடைத்துக்கொண்டிருந்ததால் அது தப்பித்தது.

"என்னண்ணே?"

"தூசி. பழைய பெட்டில்ல" என்றேன்.

டீச்சர் குனிந்து, காலையில் நான் கழற்றி எறிந்திருந்த முதல் வயரை எடுத்தார். அதன் முனையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார். தோல் வாடை அடிக்கிற அறையில் சந்தன வாசனையை மறைக்கவா முடியும்?

"நானும்தாண்ணே வீணைக்குப் பொட்டு வச்சேன்" என்றார். "குடத்துல வச்சேன். ஓட்டையில வைக்கல."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "நேரமாச்சு, வாசிங்க" என்றுதான் சொன்னேன்.

ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சமிருந்த நடுவிரலை வைத்தே கல்யாணியை வாசித்தார். ஒலி கண்ணாடி மாதிரி தெளிவாகப் பதிவானது. வாசிப்புதான் நொண்டியது. வேகமான இடங்களை விட்டுவிட்டார், இரண்டு இடத்தில் விரல் தடுக்கியது. மறுபடி எடுப்போமா என்றேன். "கை வலிக்குதுண்ணே, இதுவே போதும்" என்றார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினோம். போர்வையைச் சுற்றிக்கொண்டு, "வாரேண்ணே" என்று இறங்கிப் போனார்.

சில வாரம் கழித்து நானே போன் போட்டேன். "வேற ஆளப் போட்டுட்டாங்கண்ணே" என்றார். நேர்முகத்துக்கே கூப்பிடவில்லையாம். சரி, நம் கையில் என்ன இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

தை பிறந்து, கம்ப்யூட்டரில் இடமில்லை என்று பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த விஜயதசமிக் கோப்பு கண்ணில் பட்டது. முதல் தடவை வாசித்தது, நகம் உடைவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தது, அப்படியே இருந்தது. ஆகாது என்று அன்றைக்கு ஒதுக்கியதோடு சரி, திரும்பத் திறக்கவே இல்லை. சும்மா ஒலியை ஏற்றிப் பார்த்தேன். இரைச்சலுக்கு அடியில் வீணை முழுசாகக் கிடந்தது. இரைச்சலை வடிகட்டி, கரகரப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தொழில் தெரிந்த எவனும் முதலில் செய்கிற காரியம் இது. அன்று காலை பதினோரு மணிக்கே செய்து அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு யார் மேல் தப்பு என்று நிரூபிப்பதிலேயே பொழுது போய்விட்டது.

கேட்டுப் பார்த்தேன். அம்புட்டு அழகாக இருந்தது. ஒருத்தர் மனசு நிறைந்து வாசித்த கல்யாணி. கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து டீச்சர் செல்லுக்கு அனுப்பினேன். நம்மையும் கொஞ்சம் நல்லவன் என்று நினைக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. வாசித்த நேரம் முழுவதும் கேட்டிருக்கிறார்.

"இது அன்னைக்கே இருந்துச்சாண்ணே?"

"ஆமா டீச்சர்" என்று அடித்து அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.