நான் தவறாக வெட்டிய மருந்துச் சீட்டு

நான் கொடுத்த மருந்தால் ஒரு மனிதர் சாகக் கிடந்தார். ஆண்டவர் அவரையும் தூக்கிவிட்டார், என்னையும் தூக்கிவிட்டார். அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சி.

சுதந்திரம் வந்து மூன்றாவது வருஷம், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ராயபுரத்தில் மீனவர் குப்பத்தை ஒட்டிய ஒரு மருந்துச்சாலையில் நான் நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மறைக்க மாட்டேன்.

எங்களிடம் மருந்துக்கு வருபவர்கள் அவரவர் புட்டியைக் கொண்டுவருவார்கள். பலருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு காகிதத் துண்டை மடித்து, ஓரத்தை வெட்டி, புட்டியின் மேல் ஒட்டிவிடுவோம். வெட்டுக்கு வெட்டு ஒரு வேளை மருந்து. மூன்று முறை மடித்தால் எட்டுப் பங்கு விழும். இரண்டு முறை மடித்தால் நான்கு.

அன்று காலை கன்னியம்மா என்ற மீன்காரம்மா புருஷனின் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். வரிசையில் நின்ற இன்னொரு அம்மாள் அலமாரியில் இருந்த டப்பாவைக் காட்டி, "அத்துல இன்னா இங்கிலீசு எய்திகீது, படி பாக்கலாம்" என்றார். நான் சத்தமாக, அதுவும் இரண்டு தடவை, படித்துக் காட்டினேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்த மிதப்பிலேயே கன்னியம்மாவின் சீட்டை மடித்து வெட்டினேன்.

மதியம் பதிவேட்டில் எழுதும்போது எங்கள் மருந்துச்சாலை டாக்டரம்மாவின் குறிப்பைப் பார்த்தேன். எட்டு வேளை. நான் மடித்தது இரண்டு முறைதான். என் விரல்களுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அபின் சேர்ந்த மருந்து. ஒவ்வொரு வேளையும் கன்னியம்மாவின் புருஷனுக்கு இரண்டு மடங்கு போகும்.

முதலில் நான் செய்த ஜெபத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. "ஆண்டவரே, இது யாருக்கும் தெரியக்கூடாது" என்றேன். சொன்ன வாயே கசந்தது. மறுபடி முழங்காலிட்டேன். "என் வேலை போனாலும் போகட்டும். அவர் பிழைக்கட்டும்" என்றேன். எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. பையை எடுத்தார். "அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். அவங்க வீடு தெரியுமில்ல? வா."

கன்னியம்மா சந்தோஷமாக வரவேற்றார். "உங்க மருந்து சோக்கா கேக்குதும்மா! எட்டு நாளா இருமிகினே கெடந்தாரு. இப்ப இன்னா தூக்கம் பாருங்க!"

டாக்டரம்மா தூங்கியவரின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணின் பாவை குண்டூசி முனைபோலச் சுருங்கியிருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, கடுங்காப்பி புகட்டி, எழுப்பி நடக்கவைத்தோம். ஒரு தோளை நான் பிடித்தேன், மறுதோளைக் கன்னியம்மா பிடித்தார். நடக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். கன்னியம்மா என்னை முறைத்த முறைப்பு!

"மொதல்ல இவுரு பொழைக்கட்டும். அப்பால கீது உனுக்கு."

மணலில் எத்தனை நடை நடந்தோமோ! அடிக்கு அடி "இயேசுவே, இயேசுவே" என்றேன். பொழுது சாயும் நேரத்தில் அவர் கண்ணை நன்றாகத் திறந்தார். "எந்தக் கஸ்மாலம் என்னை இஸ்துகினு போறது? துன்றதுக்கு இன்னா கீது?" என்றார். அதைவிட இனிய வசவை நான் கேட்டதில்லை. ஸ்தோத்திரம்!

அவர் தேறினார். நான் தேறவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த கத்தரிக்கோலைக்கூடத் தொடவில்லை. "நானும் மூட்டை தூக்க வரேன் நைனா" என்று அப்பாவிடம் சொன்னேன். "உன்னைச் சேத்துத் தூக்க என்னால ஆவாது" என்றார்.

டாக்டரம்மா என்னோடு வேலை செய்யும் கிரேஸை அனுப்பினார். அவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "போன வருஷம் ஒருத்தருக்குப் போடவேண்டிய ஊசியை நான் அடுத்த கட்டில்காரருக்குப் போட்டுட்டேன். அவருக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா ரெண்டு மாசம் நான் தூங்கலை. என்னடி ஆச்சுன்னு யாராவது கேட்டிருந்தா போதும்." இருவரும் சேர்ந்து அழுதோம், ஜெபித்தோம். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனாலும் மருந்தைத் தொட மனம் துணியவில்லை. "ஆண்டவரே, நான் திரும்பிப் போகலாமென்றால் ஒரு தூதரை அனுப்பும்" என்று கேட்டேன்.

மறுநாள் காலை தூதர் வந்தார், தலையில் மீன்கூடையோடு.

"இன்னா பாப்பா, வூட்ல குந்திகினுகீற? என் வூட்டுக்காரருக்கு இருமல் இன்னும் கீது."

"என் கையால வேணாம்மா" என்றேன்.

"நீ வந்து சொல்லாங்காட்டி எனுக்கு இன்னா தெரியும்? தூங்குறாருன்னு அடுத்த வேளையும் ஊத்திருப்பேன். தப்பு பண்ணா ஓடியாந்து சொல்ற பொண்ணுதான் எனுக்கு வோணும். கெளம்பு, கெளம்பு!"

கிளம்பினேன். கன்னியம்மா மருந்துச்சாலை வாசல் வரை கூடவே வந்தார், நான் பாதியில் ஓடிவிடுவேனோ என்று.

இப்போது எங்களிடம் ஒருவர் சீட்டு வெட்டினால் இன்னொருவர் சத்தமாக எண்ணிப் பார்த்த பிறகே புட்டி வெளியே போகும். என் படிப்பைப் பற்றி இன்றும் பெருமைதான். ஆனால் ஒருத்தி என் வேலையைச் சரிபார்ப்பதில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை. தவறு செய்தவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டு அழுதபோது, அவளோடு வீடுவரை நடந்தவள் நான்.

பிரியமானவர்களே, உங்கள் தவறை மூடிவைக்கும்படி ஜெபிக்காதீர்கள். அதை எடுத்துச் சொல்லத் தைரியம் கேளுங்கள், அவர் தருவார். நோயாளிகளைக் கவனிக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கேட்ட தூதர் நீங்களாகவே இருக்கலாம்.